வலிக்காத முதுகுக்கு வைத்தியம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி கழிந்து மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த சமயம். அப்போது நான் புதுச்சேரியில் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு டவுனில். வீட்டுக்கும் பள்ளிக்கும் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. சென்னையில் தினமும் அதைப்போல இரண்டு மடங்கு தூரம் ரயிலில் போய்வரும் என் தங்கை, "இதுக்கா இப்படி அலுத்துக்குற?" என்று சிரிப்பாள். ஆனால் எங்கள் ஊர் வழக்கமே வேறு. டவுனை விட்டு வில்லியனூர், பாகூர் பக்கம் போஸ்டிங் போட்டாலே, தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்துவிட்டதாகத்தான் பேசிக்கொள்வோம். அவ்வளவு பெரிய ஏரி இருக்கிற ஊரைப் போய் அப்படிச் சொல்கிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கிராமத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தால்தான் டவுனுக்கு மாறுதல். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒரு தோழிதான் காதில் போட்டாள். "மெடிக்கல் கிரவுண்டுல கேளு. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. நீ மட்டும் இன்னா அரிச்சந்திரன் பேத்தியா?"

தெரிந்தவர் மூலமாக ஒரு டாக்டரைப் பிடித்து சர்டிபிகேட் வாங்கினேன். முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது, பஸ் பயணம் கூடவே கூடாது, மூன்று மாதம் ஓய்வு என்று. அதை வைத்து லீவுக்கும் மாறுதலுக்கும் எழுதிக் கொடுத்தேன். உண்மையில் என் முதுகில் ஒரு வேர்க்குருகூடக் கிடையாது. இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கி, கடைசி ஒரு வாரம் புடவைக்கு மேல் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நாற்காலியில் உட்காரும்போது ஒரு "அம்மாடி", எழுந்திருக்கும்போது ஒரு "அப்பாடி". அந்த ஒரு வாரமும் நான் எழுதிப்போட்ட கணக்குகளைவிட இந்த முனகல்களுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன்.

பத்தாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். பாடத்திட்டம் மாறிய புதிது. கணக்குப் புத்தகம் அதுகளுக்கு மிரட்டலாக இருந்தது. வகுப்பு லீடர் ஒரு பெண். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கு பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் வேண்டும், சயின்ஸ் குரூப்புக்குக் கணக்கில் தேற வேண்டும். மற்ற பாடமெல்லாம் நன்றாகப் படிப்பாள், கணக்கில் மட்டும் முக்கி முனகித்தான் கரையேறுவாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

நான் லீவில் போவதற்கு முன் பள்ளியில் கடைசி நாள், என் பையை அவள்தான் ஷேர் ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்தாள். "சீக்கிரம் வந்துடுங்க டீச்சர். நான் நர்ஸ் ஆனதும் உங்களுக்கு வலிக்காம ஊசி போடுவேன்" என்றாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

லீவு போட்டு மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. நைட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் கையில் கட்டைப்பையோடு, எதிர்வீட்டில் என் வீட்டை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயோ, அப்போது நான் குதித்த குதி! டிஸ்க் விலகியவள் ஸ்டூலிலிருந்து தரைக்கு ஒரே தாவாகத் தாவியதைப் பார்த்து என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அலமாரிக்கடியில் கிடந்த பெல்ட்டை இழுத்து நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு, கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அப்புறம்தான் அவர் கதவைத் திறந்தார்.

"எழுந்துக்காதீங்க டீச்சர், அப்படியே படுத்துனு இருங்க" என்றபடியே அந்த அம்மா உள்ளே வந்தார். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை அவருக்கு. ஷிப்டு முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. அன்றைக்கு என்னைப் பார்ப்பதற்காக லீவு போட்டிருந்தார். கட்டைப்பையில் வேலியிலிருந்து பறித்த பிரண்டை ஒரு கட்டு, முருங்கைக்கீரை, ஒரு பாட்டிலில் எண்ணெய்.

"எனக்கு முதுகு புடிச்சிக்கினா இதத்தான் தேய்ப்பேன் டீச்சர். ரெண்டு நாள்ல கேக்கும். பெரண்டைய தொவையல் அரைச்சி சாப்டுங்க, எலும்புக்கு நல்லது."

வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. எங்கள் சமையல்கட்டில் அவரே எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்தார். வீட்டுக்காரரும் அந்தப் பெண்ணும் ஹாலுக்குப் போய்விட்டார்கள். நான் குப்புறப் படுத்தேன்.

"எந்த எடத்துல வலிக்குது டீச்சர்?"

ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். அந்தக் கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. நிதானமாக, அழுத்தமாக, மேலிருந்து கீழே தேய்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"கட்டே இல்லியே டீச்சர். நல்லா எளக்கமாத்தான் இருக்குது?"

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அப்புறம் அவரே சொன்னார். "உள்ள எலும்புல இருக்கும். மேல தெரியாது, பாவம்." மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். உண்மையான முதுகுவலிக்காரி, இல்லாத முதுகுவலிக்குக் காரணமும் தேடிக்கொடுத்து, எண்ணெயும் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வலிக்கிறது என்று நினைத்து, இன்னும் மெதுவாகத் தேய்த்தார்.

முடித்துவிட்டு அவர் கை கழுவப் போனபோது, அந்தப் பெண் வாசற்படியில் வந்து நின்றாள். நெஞ்சோடு ஒரு நோட்டு. "டீச்சர், ரெண்டே ரெண்டு கணக்கு. நீங்க போனப்பறம் கணக்குக்கு யாரும் வரல. சோஷியல் டீச்சர்தான் வந்து, பாத்து எழுதுங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா ஓடிவந்தார். "அறிவிருக்குதாடி ஒனக்கு? டீச்சரே முடியாம கெடக்குறாங்க, கணக்கு கேக்குற நேரமா இது?"

பத்து நிமிஷ வேலை. அவள் விரித்துப் பிடித்த நோட்டில் மேலாக இருந்த கணக்கு படுத்தபடியே எனக்குத் தெரிந்தது. கோபுரத்தின் உயரம் கண்டுபிடிக்கிற கணக்கு. கொண்டா இங்கே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எழுந்து உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தருகிறவளுக்கு எதற்கு மூன்று மாத லீவு? பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொன்னால்? மாறுதல் ஆர்டர் வருகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அப்புறம் பாக்கலாம்மா" என்று முனகினேன். அந்தப் பெண் நோட்டை மூடிக்கொண்டு, "சாரி டீச்சர்" என்றாள். அவள் என்னிடம் சாரி சொன்னாள்!

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. திங்கக்கிழமை போய் டூட்டில சேந்துடு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரெண்டு பஸ் மாறி அல்லாடறது நீங்களா, நானா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். தப்பு செய்கிறவளுக்கு இருக்கிற ரோஷம் நல்லவளுக்குக்கூட இருக்காது.

பொங்கலுக்கு முன்பே ஆர்டர் வந்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பள்ளி. புதுப் பள்ளி ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். பழைய பள்ளியில் என் இடத்துக்குக் கடைசிவரை யாரும் வரவில்லை என்று கேள்விப்பட்டபோது, அது கவர்மெண்டின் பொறுப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அந்த அம்மாவின் நம்பரிலிருந்து போன். எடுக்கவே கை வரவில்லை. இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"பாப்பா கணக்குல போயிடுச்சு டீச்சர். காலைலேர்ந்து சாப்டாம அழுதுனே இருக்குறா. நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா கேப்பா."

"அழ வேணாம்னு சொல்லுங்கம்மா. மறுதேர்வு இருக்குது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே உங்க வூட்டுக்கு வந்து சொல்லித்தரேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அந்த அம்மா பதறிப்போய்விட்டார். "ஐயையோ, வேணாம் டீச்சர்! இந்த முதுக வச்சினு அவ்ளோ தூரம் பஸ்ல வருவீங்களா? ரோடு வேற தூக்கித் தூக்கிப் போடுது. அவளுக்காக நீங்க ஒடம்ப கெடுத்துக்காதீங்க. பரீட்சை போனா மறுபடியும் எழுதிக்கலாம்." அப்புறம், "அந்த எண்ணெ தீந்துபோச்சா டீச்சர்? இன்னொரு பாட்டில் குடுத்தனுப்பட்டா?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். சொல்லியிருந்தால் மறுநாளே பஸ் ஏறிப்போய் அவளுக்குச் சொல்லித்தந்திருக்கலாம். "இன்னும் இருக்குதும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் யாரிடமோ கேட்டுப் படித்து மறுதேர்வில் தேறிவிட்டாள். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. அதற்குள் சயின்ஸ் குரூப்பில் இடம் நிரம்பிவிட்டது. கிடைத்த குரூப்பில் சேர்ந்து படிக்கிறாள் என்று பழைய பள்ளியிலிருந்து யாரோ சொன்னார்கள். நர்ஸ் ஆசை என்னவானது என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இப்போது என் வகுப்பில் எந்தப் பிள்ளை நோட்டை நீட்டினாலும், சாப்பாட்டு நேரமாக இருந்தாலும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அது இதற்கு ஈடாகாது என்று எனக்கே தெரியும்.

அந்த அம்மா இதைப் படிப்பாரோ என்னவோ. படித்தால் அவருக்கு நான் சொல்ல வேண்டியது அன்றைக்குப் போனில் விழுங்கிய அந்த ஒரு வாக்கியம்தான்: என் முதுகுக்கு அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் ஒன்றுமில்லை அம்மா.