குரலை ஏற்றிவைத்த நாட்கள்

என் மனைவியின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று திருவனந்தபுரத்து மருத்துவர் சொன்ன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெய்யாற்றின்கரையில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் பக்கத்தில் உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்:

"மோளுக்கிட்ட யாரு சொல்லுவா?"

அப்போதே குரலில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஊரான பாறசாலையில் இறங்கினோம்.

அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். பிள்ளைகளைக் கத்தி அடக்கியதில்தான் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து, பல மாதங்கள் கைமருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கேரள எல்லையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் ஒரே மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். அவளிடம் அன்று சாயந்திரம் போனில் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, அம்மாவின் குரலைப் பதிவு செய்து வையுங்கள் என்றாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் அதையேதான் சொல்லியிருந்தாள். வீட்டில் அன்றாடம் பேசும் சொற்களைப் பதிந்து வைத்தால் பிறகு போனில் தட்டிக் கேட்கவைக்கலாம் என்று.

மகள் ஒரு சிறிய மைக்கைக் கூரியரில் அனுப்பினாள். என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அதில் லினக்ஸ். எங்கள் பள்ளிக்கூடங்களில் எல்லாம் அதுதான், விடுமுறைப் பயிற்சியில் படித்துக்கொண்டது. வேறொன்றும் எனக்குத் தெரியாது. நடு அறையின் ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவளைக் கட்டிலில் உட்காரவைத்தேன்.

"தண்ணி தாருங்க", "கதவெ சாத்துங்க", "வலிக்குது" என்று ஆரம்பித்தாள். வியர்வை வழிந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டாள்.

"இதெல்லாம் கையக் காட்டியே சொல்லலாம். கையால சொல்ல முடியாததெச் சொல்லுதேன், எடுத்துக்கிடுங்க."

அதன் பிறகு அவள் பேசியதுதான் பேச்சு. மகளைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தீயல் குழம்புக்குத் தேங்காயை எந்த நிறம் வரும்வரை வறுக்க வேண்டும் என்று சொன்னாள். அங்கன்வாடிப் பாட்டுகள் இரண்டைப் பாதியிலேயே இருமலோடு நிறுத்தினாள். மலையாளத்திலும் ஒரு பங்கு வேண்டும், ஏசும்போது எனக்கு மலையாளம்தான் வரும் என்று என்னை நன்றாக ஏசியும் வைத்தாள். சிரிப்பையும் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். ஆனால் சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? வரவில்லை.

கடைசி நாள் ஒரு கதை சொன்னாள். அவள் பிறந்த வீடு திருப்புறத்துக்கு அப்பால், பூவாற்றுக் கடற்கரையை ஒட்டியது. சின்ன வயதில் அவள் அப்பா மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பி வராத ஒரு மழைநாளைப் பற்றி, மறுநாள் அது எப்படி வந்தது என்பதைப் பற்றி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாதது. நான் எதிரே உட்கார்ந்து, திரையில் ஒலியளவு சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டால் சத்தம் கிழியும். எப்படியும் பதிவாகிறதே, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். கதையில் பாதி என் காதில் விழவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாக. அதன் பிறகு கதிர்வீச்சு. தினமும் காலையில் பாறசாலையிலிருந்து ரயில், ஆஸ்பத்திரி வராந்தா, மாலையில் ரயில். இடம் கிடைத்தால் அவள் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். பள்ளிக்கூடத்தில் விடுப்பு எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கஞ்சி வைத்து, அதை அரைத்து, கழுத்துக் குழாயைக் கழுவி, துணிகளைக் காயப்போட்டு உட்காரும்போது எதற்கும் தெம்பு இருக்காது. பதிவுகளை வேறெங்காவது பத்திரப்படுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினி திறக்க வெகுநேரம் எடுத்தது. உள்ளே வட்டு டக் டக் என்று நகத்தால் தட்டுவதுபோலத் தட்டியது. பதிவு ஒன்றைத் திறந்தேன், நடுவில் நின்றது. அவசரமாகச் சில கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு மகளிடம் சொன்னேன்.

"பென் டிரைவு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"மேசையிலதான். கம்ப்யூட்டருக்கப் பக்கத்துல."

"அப்பா, ஒரே வீட்டுல ரெண்டு எடத்துல வச்சா அது ரெண்டு இல்ல, ஒண்ணாக்கும். கிளவுட்ல போடுங்க. இன்னைக்கே போடுங்க."

போட்டுப் பார்த்தேன். உலாவியைத் திறந்து கோப்புகளை இழுத்துப் போட்டால் பாதி ஏறும், பிறகு அறுந்துவிடும். இணையம் என் போன் வழியாகத்தான். எங்கள் வீடு எல்லையை ஒட்டி இருப்பதால் போன் சில நேரம் இந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கும், சில நேரம் களியக்காவிளைப் பக்கத்துக் கோபுரத்தை. மாறும் நேரத்தில் இணைப்பு போய்விடும். இல்லையென்றால் கரண்டு போய்விடும். திரும்ப முதலிலிருந்து. இப்படி ஒரு வாரம் போனது. ஒரு நாள் போனில் மகளிடம், நீ அங்கே ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்வாய், இங்கே வந்து பார் என்று கத்திவிட்டேன். அடுக்களையில் இருந்த என் மனைவி இரண்டு கைகளையும் தட்டினாள். நிறுத்து என்று அர்த்தம். எதிர்த்துக் கத்த ஆளில்லாத வீட்டில் நான் மட்டும் கத்துவது எப்படிக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த விடுமுறைப் பயிற்சியில் என்னோடு இருந்த நண்பர் ஒருவர் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது உலாவியை விட்டுவிடுங்கள் என்றார். கறுப்புத் திரையில் கட்டளை எழுதி ஏற்றும் ஒரு சிறிய நிரல் உண்டு, இணைப்பு அறுந்தாலும் பரவாயில்லை, மறுபடி ஓட்டினால் ஏறி முடிந்ததைத் தொடாது, மீதியை மட்டும் ஏற்றும் என்றார். எந்தக் கட்டளையையும் முதலில் ஒத்திகையாக ஓட்டிப் பாருங்கள் என்பதை இரண்டு தடவை சொன்னார். ஒத்திகை என்று சேர்த்து எழுதினால் என்ன செய்யப்போகிறது என்று வரிவரியாகச் சொல்லும், ஆனால் எதையும் செய்யாது.

நிரலை இறக்கினேன். அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. எந்தக் கிளவுட், என்ன பெயர், அனுமதி உண்டா, ஆமா இல்லையா. ஆஸ்பத்திரியிலும் அன்று முழுக்கக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு வழியாக முடித்தேன். போனை மேற்கு ஜன்னல் திண்டில் வைத்தால்தான் சிக்னல் நின்றது. அங்கே வைத்து, மழைச் சாரல் படாமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மறைத்தேன். அது எஃகுப் பாத்திரம். சிக்னல் சுத்தமாகப் போனது. பிளாஸ்டிக் வாளியை மாற்றி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தோள்கள் குலுங்கின. அறுவைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சத்தமே இல்லை.

சில நாட்கள் இரவு வேளைகளில் ஓட்டியதில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. வட்டு மேலும் மோசமாகும் என்று பயந்து, ஏறியவற்றில் பெரிய கோப்புகளை மடிக்கணினியிலிருந்து அழித்துவிட்டேன். அதில் எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. பிறகு உதவிப் பக்கத்தில் இன்னொரு கட்டளையைப் பார்த்தேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கும் என்று போட்டிருந்தது. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நிம்மதி என்று அதை எழுதினேன். நண்பர் சொன்னபடி ஒத்திகையும் சேர்த்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொரு கோப்புக்கும் நான் அவள் பெயரைத்தான் வைத்திருந்தேன், பக்கத்தில் ஒரு எண். இப்போது வரிக்கு வரி அவள் பெயர், அதையடுத்து டெலீட், டெலீட் என்று. அந்தச் சொல் அவளுக்குத் தெரியும், போனில் தினமும் பார்ப்பதுதான். உள்ளியைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வெறுமனே பிடிக்கவில்லை, நகம் பதிந்தது. பிறகு மறுகையால் சிலேட்டை எடுத்தாள். அழித்து அழித்து எழுதும் பிள்ளைகளின் பிளாஸ்டிக் சிலேட்டு, அங்கன்வாடியிலிருந்து அவளோடு வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தது. அதில் எழுதினாள்.

"என்னெயா அழிக்கிய?"

இல்லை, இது ஒத்திகை, ஒன்றும் அழியவில்லை என்றேன். ஒன்றுபோல ஆக்குவது என்றால் இங்கே இல்லாததை அங்கேயும் இல்லாமல் ஆக்குவது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. நான் இங்கே அழித்தவை எல்லாம் அங்கேயும் போயிருக்கும். ஒத்திகை என்ற அந்த ஒரு சொல்லை எழுத மறந்திருந்தால் இப்போது ஏறியிருந்தவை இருந்திருக்காது. அவளுக்கு அதை விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்து, சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினாள்: "செரி. பைய." பிறகு உள்ளியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் மடிக்கணினியை மூடினேன். அன்று மேற்கொண்டு எதையும் தொடவில்லை.

பிறகு நகலெடுக்கும் கட்டளையை மட்டுமே பயன்படுத்தினேன். கரண்டு போகும், வரும். மறுபடி ஓட்டுவேன். நான் கொடியில் துணி காயப்போடும்போது திரையில் சதவீதம் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். ஓட்டம் முடிந்த பிறகு மடிக்கணினியில் மிச்சமிருந்தவற்றை அங்கே ஏறியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளையை ஓட்டினேன். ஒரு கோப்பு தவிர மற்றவை சரி. அந்த ஒன்றை வட்டிலிருந்து படிக்கவே முடியவில்லை. பிழை, பிழை என்றே வந்தது. பென் டிரைவில் அது இல்லை. நண்பர் மடிக்கணினியைத் தனுவச்சபுரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். பிறகு போன் செய்து, வருத்தம்தான் சார், அந்த இடத்தில் வட்டு போய்விட்டது என்றார்.

அது அந்த வள்ளத்துக் கதை.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். கடைசியில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். எது போனது என்று கையால் கேட்டாள், சொன்னேன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்தாள். "போட்டும். அது எனக்குத் தெரியும்லா" என்று எழுதினாள். எனக்குத்தான் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. எழுதித் தருகிறாயா என்று மட்டும் கேட்டேன். தலையசைத்தாள். மறுநாள் ஒரு தாளில் நாலைந்து வரி எழுதினாள், பிறகு அதை மடித்து ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகிவிட்டாள். எழுதினால் அது வேறு ஏதோ ஆகிறது என்று கையைக் காட்டினாள். நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு பேருக்குமே அப்போது தெம்பில்லை.

மகளுக்கு எல்லாவற்றையும் கேட்கும்படி அனுமதி கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. பிறகு, ஏசுகிற பதிவை மட்டும் கேட்டதாகவும், அதைக் கேட்டால் அழுகை வரவில்லை என்றும் சொன்னாள். மற்றவை இருக்கட்டும் என்றாள். இங்கேயும் அவற்றை யாரும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டும், கதவைச் சாத்து என்பதையெல்லாம் என் மனைவி அன்று சொன்னதுபோலக் கையாலேயே சொல்லிக்கொள்கிறாள்.

கதிர்வீச்சு முடிந்து கழுத்து ஆறிய பிறகு, பேச்சுப் பயிற்சிப் பெண் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தாள். டார்ச் லைட் அளவு. தாடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் வண்டு ரீங்காரம்போல ஒரு சத்தம் சொல்லாக வரும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. எங்கே வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே வெகு நாட்கள் ஆயின. கண்ணாடி முன்னால் நின்று பழகுவாள். சலித்துப்போய்க் கட்டிலில் எறிவாள். மறுபடி எடுப்பாள்.

போன வாரம் காலையில் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் வாசலில் கூப்பிட்டாள். வழக்கமாக நான்தான் போவேன். அன்று என் மனைவி கருவியை எடுத்துக்கொண்டு முந்திப் போனாள். நான் கதவருகே நின்றேன். அவள் ஏதோ கேட்டாள். மீன்காரி பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுச் சுற்றும் பார்த்தாள்.

"எக்கா, இது யாருக்க சத்தம்?"

"எனக்கதான்."

மீன்காரி கழுத்தைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மூடியைத் திறந்து, சாளை உண்டு, நல்ல சாளை என்றாள். மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் என் மனைவிக்கு இப்போது மணம் தெரியாது. குனிந்து ஒரு மீனை எடுத்து, செவுளைப் பெருவிரலால் விரித்துப் பார்த்தாள். கருவியைத் தாடைக்கடியில் வைத்தாள்.

"இது நேத்தைக்க மீனாக்கும்."

கோபமே இல்லாத அந்தத் தட்டைச் சத்தத்தில் அதைக் கேட்டதும் மீன்காரிக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. இன்னைக்கு விடியும்முன்னே, வெளுப்பாங்காலத்தே கரையேறின மீன் என்று மாதாவின் மேல் ஆணையிட்டாள். என் மனைவி விடவில்லை. வாய் வலித்தால் கருவியை எடுத்துவிட்டு இளைப்பாறி மறுபடி தொடங்கினாள். அது முடிய நேரமாகும் என்று தெரிந்தது. நான் உள்ளே போய் மண்சட்டியை எடுத்துக் கழுவினேன்.