ஆளுக்கு இரண்டு பெட்டி

2022 மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு, இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்திலுள்ள பகேரியாவுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் சுடுதிடலின் ஜன்னலில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. தோட்டா ஆளுக்கு இரண்டு பெட்டி. அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

வந்தவர்கள் வாசித்துவிட்டுத் திட்டினார்கள், சிரித்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டார். திடலில் வேலை செய்யும் அருளையா மட்டும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுவிட்டார். மன்னாரில் அவருடைய இளவயதில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இப்படித்தான் தொடங்கியது. முதலில் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒரு தாள்: மண்ணெண்ணெய் ஆளுக்கு ஒரு போத்தல். பிறகு சவர்க்காரம், பற்றரி, கடைசியில் நெருப்புப்பெட்டி. தாளை முதல் நாளே நம்பியவன் தப்பினான். அடுத்த கிழமை பார்ப்போம் என்றிருந்தவன் இருட்டில் இருந்தான்.

சுடுதிடலில் மிருகமோ பறவையோ கிடையாது. குழிக்குள் இருக்கும் பொறி ஒன்று களிமண் தட்டுகளை வானத்தில் வீசும்; மேலே நிற்பவர் தட்டு வேண்டும் என்று கத்திவிட்டு அதைச் சுடுவார். வேட்டைக்காலத்துக்கு முன் கை பழக வருகிற முயல் வேட்டைக்காரர்களும், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காக வருகிறவர்களும்தான் வாடிக்கை. குழிக்குள் இறங்கிப் பொறிக்குத் தட்டு அடுக்குவதும், உடைந்த துண்டுகளைக் கூட்டுவதும், சுட்டு முடிந்த வெறுங்கோதுகளைச் சாக்கில் அள்ளுவதும் அருளையாவின் வேலை. ஊரில் ஒரு வெடிச் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்த மனிதர், இங்கே பகல் முழுக்கப் பங்கருக்குள் இருந்து சம்பளம் எடுத்தார். "முன் அனுபவம் கேட்டவை, இருக்கு எண்டு சொன்னனான்" என்று அவரே பகிடி விடுவார்.

பகிடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பலெர்மோவுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவினார், மீன்சந்தையில் பெட்டி தூக்கினார், படுக்கையில் கிடந்த கிழவர்களைக் குளிப்பாட்டினார். எல்லாம் கடதாசி இல்லாத வேலை. திடலின் சொந்தக்காரர் பிலிப்போதான் முதன்முதலில் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். அதைக் காட்டித்தான் அருளையா பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பார். மனைவி ஸ்ரெல்லாவினதும் மகள் அனிற்றாவினதும் இத்தாலியில் இருக்கும் உரிமை அவருடைய பெர்மெஸ்ஸோவில் தொங்கியது. திடல் பூட்டினால் மூன்று பேரும் அந்தரத்தில்.

ஆகவே அந்த ஞாயிறு பின்னேரம், எல்லோரும் போன பிறகு, சுடுகிறவர்கள் நிற்கும் பலகைகளைக் கிளப்பிப் பார்த்தார்.

குளிரில் விறைத்த விரல்களிலிருந்து தோட்டா நழுவும். ஐரோப்பியர் குனிந்து எடுக்க மாட்டார்கள், பையில் வேறு இருக்கும். பலகை இடுக்கால் விழுந்தவை வருடக்கணக்காக அங்கே கிடந்தன. அதுவரை கண்ணில் பட்டவற்றை அருளையா கோதுகளோடு சேர்த்துச் சாக்கில் போட்டுவிடுவார், யாரும் கேட்டதில்லை. அன்று அவற்றை ஒரு சவர்க்காரத் தூள் வாளிக்குள் போட்டு பலெர்மோவின் சீசாப் பகுதியிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோனார். பித்தளை அடியில் பச்சை பூத்திருந்தவற்றைத் துணியால் துடைத்து, கறள் பிடியாமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசினார். கத்தி, பூட்டு, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் ஊரில் அதுதானே மருந்து.

ஸ்ரெல்லா வாசலில் நின்று பார்த்தாள். கால்சாப் பகுதியில் இரண்டு சிஞ்ஞோரா எசமானிகளின் வீடுகளைத் துடைத்துவிட்டு வந்த களைப்பு.

"ஊரில வெடிகேட்டாக் கட்டிலுக்குக் கீழ ஓடின மனுசன். இப்ப வெடியைக் கொண்டந்து கட்டிலுக்குக் கீழ வச்சிட்டு மேல படுக்கப்போறார்."

"தட்டுப்பாடு வரப்போகுது. அப்ப பாரும்."

"வந்தா? நீங்களோ முயலுக்குப் போறியள்?"

"சுடுறவன் சுட்டாத்தான் எனக்கு வேலை. அவனிட்டை இல்லாத நேரம் என்னட்டை இருக்கும்."

அனிற்றா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "பப்பா, சி புவோ? இதுகளை வீட்டில வச்சிருக்கலாமோ?"

"குப்பையில கிடந்ததை எடுத்தனான். குப்பையை ஆரும் என்ரை எண்டு கேட்டு வாறேல்லை" என்றார் அருளையா. அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்கக்கூடாது என்பதும் தடைக்காலத்துப் பாடம். ஒரு வீட்டைச் சோதித்தால் இன்னொரு வீட்டில் மிஞ்சும். ஞாயிறுதோறும் கொண்டுவந்த வாளிகள் கட்டிலுக்குக் கீழே நிறைந்ததும் பாதியைக் கஜானனிடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரன், கால்சாவில் ஒரு ஹோட்டலில் வேலை, ஹோட்டலுக்குப் பின்னால் ஒற்றை அறை. அருளையாவை அண்ணை என்று சொன்னால் உண்மையிலேயே அண்ணனாக நினைக்கிறவன். மனைவி கிருசாந்தினியை ஊரிலிருந்து கூப்பிட மூன்று வருடமாக அலைந்துகொண்டிருந்தான்.

"சாமித்தட்டுக்குக் கீழ வச்சிருக்கிறன் அண்ணை" என்றான். "முருகன்ரை வேலுக்கும் ஒரு துணை வேணும்தானே."

"எங்கடை அந்தோனியாருக்கு உந்த வசதி இல்லை."

திடலில் நிலைமை அருளையா சொன்னபடியே போனது. ஏன் தோட்டா இல்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெடிமருந்தெல்லாம் உக்ரைன் சண்டைக்குப் போகிறது என்றார் ஒருவர். ஈயம் வருவதில்லை என்றார் மற்றவர். வேட்டைக்காரர்கள்தான் முதலில் நின்றுபோனார்கள். இருக்கிற தோட்டா முயலுக்கு வேண்டும், தட்டுக்குச் சுட்டு அழிக்க முடியாது. பிறகு விளையாட்டுக்காரர்கள் ஒரு சுற்றுச் சுட்டுவிட்டு மீதி நேரம் கோப்பி குடித்தார்கள். பிறகு கோப்பிக்கு மட்டும் வந்தார்கள். கடைசியில் அதற்கும் வரவில்லை. குழிக்குள் அடுக்கிய தட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. பலகைக்கு அடியில் இப்போது எதுவும் விழுவதில்லை. விழுந்தால் சுடுகிறவரே முழங்காலில் நின்று துழாவி எடுத்தார்.

2023 அக்டோபரில் பிலிப்போ அருளையாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்கிற ஆளில்லை. அருளையா என்ற பெயர் அவர் வாயில் எப்போதும் அருலாதான்.

"அருலா, வாற ஞாயிறு மாகாணப் போட்டி. அது நடந்தா அங்கத்தவர்கள் அடுத்த வருசத்துக்கும் இருப்பினம். நடக்காட்டி நிலத்துக்காரனிட்டைத் திறப்பைக் குடுக்கிறன். அவன் சோலார் தகடு போடப்போறான்."

"ஏன் நடக்காது?"

"கடைக்காரன் கையை விரிச்சிட்டான். வாறவைக்குக் குடுக்க என்னட்டை ஒரு தோட்டா இல்லை."

அருளையாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்போலிருந்தது. இந்த ஒரு வசனத்துக்காகத்தானே ஒன்றரை வருடம் குனிந்தார். அன்றிரவே கஜானனுக்குப் போன் செய்தார்: நான் வெள்ளிக்கிழமை என்னுடையதைக் கொண்டுபோகிறேன், நீ சனிக்கிழமை உன்னுடையதைக் கொண்டு வா.

"இந்தக் கிழமை எல்லாம் நல்லதாத்தான் நடக்குது அண்ணை" என்றான் கஜானன். "கிருசாந்தினிக்கு விசா வந்திட்டுது. அடுத்த மாதம் வாறா."

வெள்ளிக்கிழமை அருளையா சந்தைக்கு இழுத்துக்கொண்டு போகும் சில்லுப் பையில் வாளிகளை அடுக்கி, மேலே ஒரு கட்டுக் கீரை வைத்து, பகேரியா ரெயிலில் ஏறினார். எதிரில் இருந்த கிழவி கீரை எங்கே வாங்கினது என்று கேட்டாள். அவர் சொன்னார். ஸ்ரேசனில் நின்ற பொலிஸ்காரர் பையைத் தூக்கிப் படியில் இறக்கி உதவினார். அருளையா நன்றி சொன்னார்.

திடலில் பிலிப்போவும் இரண்டு பழைய அங்கத்தவர்களும் மேசையில் இருந்தார்கள். அருளையா பையை நடுவில் நிறுத்தி, கீரையை எடுத்து ஒரு பக்கம் வைத்து, முதல் வாளியின் மூடியைத் திறந்தார்.

"ஞாயிறுக்கு" என்றார்.

பிலிப்போ ஒரு தோட்டாவை எடுத்து உருட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்ன மணம்?"

"தேங்காயெண்ணெய். கறள் பிடியாது."

பிலிப்போ கண்ணை மூடித் திறந்தார். "எண்ணெய் உள்ளுக்கு இறங்கினா மருந்து செத்துப்போகும், அருலா. இது வெடியாது. வெடிச்சாலும் நான் ஆரிட்டையும் குடுக்கேலாது. எங்கை வச்சிருந்தனி?"

"வீட்டை. கட்டிலுக்குக் கீழ."

அங்கத்தவர் ஒருவர் மெல்ல எழுந்து கோப்பிக் கோப்பையோடு வெளியே போனார். மற்றவரும் பின்னால் போனார்.

"உன்னட்டை லைசன்ஸ் இல்லை" என்றார் பிலிப்போ. இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "லைசன்ஸ் இல்லாதவன் இதை வச்சிருந்தா குற்றம். ரெயிலில கொண்டுவந்தது இன்னொரு குற்றம். கண்டெடுத்த அண்டைக்கே என்னட்டைத் தந்திருந்தா ஒண்டுமில்லை. இப்ப அவை ரெண்டு பேரும் பாத்திட்டினம். நான் கராபினியேரிப் பொலிசுக்கு அறிவிக்காட்டி நானும் உள்ளை."

கீரைக்கட்டிலிருந்து மேசையில் தண்ணீர் சொட்டியது.

பிலிப்போ கெட்டவரில்லை. போனை எடுப்பதற்கு முன் சொன்னார்: "இண்டைக்குத்தான் பலகையைக் கிளப்பினனி. இண்டைக்குத்தான் கண்டனி. விளங்கிச்சோ? வீட்டைப் பற்றிக் கதைக்காதை."

"ஓம்" என்றார் அருளையா தமிழில். பிறகு இத்தாலியனில் சொன்னார்.

வெளியே போய்க் கஜானனுக்கு அழைத்தார், கொண்டுவர வேண்டாம் என்று சொல்ல. போன் நிறுத்தப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தார். நாளைக்குத்தானே வருவான், பின்னேரம் சொல்லலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி, மரெஷியாலோ, நரைத்த மீசைக்காரர். அவசரமில்லாதவர். பிலிப்போவோடு வேட்டை பற்றி இரண்டு வார்த்தை கதைத்தார், தனக்கும் தோட்டா கிடைக்கவில்லை என்றார். பிலிப்போ வாளிகளை முன்கூட்டியே கொட்டி ஒரு சாக்கில் மாற்றியிருந்தார். மரெஷியாலோ சாக்கை எட்டிப் பார்த்தார்.

"எப்ப கண்டனீங்கள்?"

"இண்டைக்குக் காலமை" என்றார் அருளையா. "பலகைக்குக் கீழ."

"எல்லாமோ?"

"எல்லாம்."

மரெஷியாலோ எழுதத் தொடங்கினார். அவர் நம்பினாரோ இல்லையோ, எழுதி முடித்துவிட்டுப் போகிற மனநிலையில்தான் இருந்தார். பேனை பாதிப் பக்கம் வந்திருந்தபோது கேற் திறந்தது.

கஜானன் ஒரு பெரிய துணிப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். கராபினியேரி வண்டி கட்டடத்துக்குப் பின்னால் நின்றதால் அவன் கண்ணில் படவில்லை.

"அருளண்ணை, நாளைக்கு லீவு இல்லையாம், அதுதான் இண்டைக்கே வந்திட்டன். கை கழண்டுபோச்சு. முருகன் இனி இடம் தரமாட்டாராம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன் சீருடையைக் கண்டு நின்றான். பை தரையில் இறங்கியது. உள்ளே இருந்தவை ஒன்றோடொன்று உரசின. அந்தச் சத்தம் வேட்டைக்காரருக்குத் தெரியாத சத்தமில்லை.

மரெஷியாலோ பேனையை மூடினார். "அதுக்குள்ளை என்ன?"

கஜானன் அருளையாவைப் பார்த்தான். அருளையாவுக்கு அந்த நேரத்தில் ஞாயிற்றுப் போட்டி நினைவில் இல்லை. விமான ரிக்கற் எடுத்து வைத்திருக்கும் ஒரு பெண்ணின் பெயர்தான் வந்தது.

"அதுவும் என்ரை" என்றார் இத்தாலியனில். "நான்தான் குடுத்து வச்சனான். உடுப்பு எண்டு சொல்லிக் குடுத்தனான். உள்ளுக்கு என்ன எண்டு இவருக்குத் தெரியாது."

"அண்ணை—"

"வாயைத் திறவாதை" என்றார் தமிழில், முகத்தைத் திருப்பாமல். "உன்ரை மனுசி வாறா. உனக்கு ஒண்டும் தெரியாது."

"அப்ப எல்லாம் இண்டைக்குக் கண்டதில்லை" என்றார் மரெஷியாலோ.

"இல்லை."

"எங்கை இருந்தது?"

"வீட்டை. சீசாவில. ஒன்றரை வருசம்."

பிலிப்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மரெஷியாலோ எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிய பக்கம் எடுத்தார். ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டார். அருளையா சங்கக்கடையைச் சொல்ல முயன்றார், மண்ணெண்ணெயைச் சொன்னார், நெருப்புப்பெட்டியைச் சொன்னார். மரெஷியாலோ பொறுமையாகக் கேட்டார். அதில் எதையும் எழுதவில்லை.

அன்று பின்னேரம் சீசாவில் வீட்டைச் சோதித்தார்கள். மிஞ்சியது எண்ணெய்த் துணி ஒன்றுதான். ஸ்ரெல்லா கட்டிலைத் தானே தூக்கிக் காட்டினாள். அவர்கள் போன பிறகு கட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அவள் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அருளையாவுக்குப் பட்டது. அனிற்றா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு போட்டி நடக்கவில்லை. மாத முடிவில் பிலிப்போ திறப்பைக் கொடுத்துவிட்டு அருளையாவின் ஒப்பந்தத்தை முடித்துக் கையெழுத்திட்டார். கிருசாந்தினி நவம்பரில் வந்து இறங்கினாள். கஜானன் அவளைக் கூட்டிக்கொண்டு சீசாவுக்கு வந்தபோது அருளையா வீட்டில் இல்லை. மீன்சந்தையில் பெட்டி தூக்க ஆள் எடுக்கிறார்களா என்று பார்க்கப் போயிருந்தார்.

வழக்கு மார்ச்சில் எடுக்கப்படும் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அருளையாவின் பெர்மெஸ்ஸோ ஜனவரியில் முடிகிறது.