பதுர்தீன் தின்ற கம்பி இறைச்சி

என் தங்கை ஸரீனாவின் புருஷன் பதுர்தீனைப் போல இறைச்சி தின்கிற ஆளை மாத்தளையில் நான் கண்டதில்லை. கந்தூரி விருந்து வீட்டில் ஸஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால், அவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசிப்பார்கள். எலும்பைக்கூட உறிஞ்சிவிட்டுத்தான் கீழே போடுவான். “எங்கெங்கே ருசி ஈக்குதுன்னு அந்த ஆட்டுக்கே இவ்வளவு தெரியாதுடா” என்று கேலி செய்வேன். அப்படிப்பட்டவன் ஐந்து மாதமாக இடியப்பத்தைப் பாலில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, ஆத்திரம்.

அவனுக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் தொழில். அலுவிகாரை தொடங்கி நாலந்தா வரைக்கும் அவன் ஏறாத தோட்டம் இல்லை. ஒரு கராம்பைக் கடித்துப் பார்த்தே அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். சிங்களக் கிராமங்களில் மிளகு வாங்கப் போனால், விலை பேசுவதற்கு முன்னால் வெற்றிலைத் தட்டு வரும். அதை வேண்டாம் என்றால் வீட்டுக்காரரை வேண்டாம் என்றது போல. மிளகு வேறு ஆளுக்குப் போய்விடும். எட்டு வீட்டுக்குப் போனால் எட்டு வாய் வெற்றிலை, பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையுமாக. முப்பத்தைந்து வருஷம் இப்படி மென்றான். வீட்டுக்கு வந்த பிறகு தன் ஆசைக்கு மென்றது தனிக் கணக்கு.

முதலில் காரம் பட்டால் வாய் எரிகிறது என்றான். ஊருக்கெல்லாம் கராம்பு விற்கிறவன் அல்லவா, தன் கடைக் கராம்பு எண்ணெயையே பஞ்சில் தொட்டு வாய்க்குள்ளே பூசினான். எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றினவன் இவன் ஒருவன்தான். பிறகு பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்தான். வீட்டில் பல்லு வலி என்று சொல்லிவைத்தான். ஒருநாள் என் தேத்தண்ணிக் கடையில் உளுந்து வடையைக் கையில் எடுத்தவன், அதை வாயில் வைக்க முடியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தட்டில் வைத்தான். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மறுநாளே பிடித்த பிடியாகக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னார். சாதாரண ஆளுக்கு மூன்று விரலும் போகுமாம். பதுர்தீனுக்கு ஒரு விரல்தான் போனது, அதுவும் பல்லில் உரசிக்கொண்டு. உள்கன்னத்துத் தோல் இறுகிப் பட்டியாகிவிட்டது, இனிமேல் வெற்றிலையைத் தொடக்கூடாது என்றார். ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அதில் சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதிக்க வேண்டும், வருகிற செவ்வாய்க்கிழமை கட்டாயம் வரவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பரிசோதனை எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பதுர்தீன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், மகன் கட்டாருக்குத் திரும்பிப் போற வரைக்கும் இது உனக்கும் எனக்கும் மட்டும். ஸரீனாக்கும் சொல்லிராத.”

“செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாரேடா?”

“அவன் போக இன்னும் ரெண்டு கிழமை, பதினாலு நாள்தானே. இவ்வளவு நாள் பொறுத்தது அது வரைக்கும் பொறுக்காதா?”

அவன் பயம் எனக்கு விளங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பதுர்தீன் மிளகு ஆயப்போய் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். அவனுடைய ஒரே மகன் றிகாஸ் செய்தி கேட்டதும் டோஹாவில் இருந்த வேலையை உதறிவிட்டு ஓடிவந்தான். எலும்பு நாலு மாதத்தில் கூடிவிட்டது. வேலை மட்டும் கூடவில்லை. ஒன்றரை வருஷம் மகன் வீட்டில் குந்திக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்ததைப் பார்த்துப் பார்த்து இவன் உருகிப்போனான். பிறகு எத்தனையோ பேரின் காலைப் பிடித்துக் கிடைத்த வேலை இது. இப்போது அவன் லீவில் வந்திருக்கிறான். வாப்பாவுக்கு இப்படி என்று தெரிந்தால் போகமாட்டான். அது மட்டும் நிச்சயம்.

நான் தலையாட்டினேன். அந்தத் தலையை வெட்டிப் போட்டாலும் தகும்.

றிகாஸ் போவதற்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவன், வீதியோரத்து ஜிப்ரியின் கடைக்குப் போவோம் என்று ஒற்றைக் காலில் நின்றான். செம்மறியாட்டு இறைச்சியைக் கம்பியில் குத்திச் சிரட்டைக் கரியில் சுடுகிற கடை அது. சீகிரியா பார்த்துவிட்டு வருகிற வேன்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். “வாப்பாக்கு இறைச்சின்னா உசிரு, எல்லாருமா போவம்” என்றான். பதுர்தீன் பல்லு வலி என்று சொல்லிப் பார்த்தான். “மெதுவா தின்னுங்க வாப்பா, நான் நாளைக்குப் போறேன்தானே” என்று றிகாஸ் சொன்னதும் பதுர்தீன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

முக்கால் மணித்தியாலம் வாசலில் நின்றோம். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டுகிற சத்தமும் புகையும் வீதி வரைக்கும் வந்தது. சாதாரண நாளாக இருந்தால் பதுர்தீன் அடுப்படிக்கே போய், எந்தத் துண்டைத் திருப்ப வேண்டும் என்று ஜிப்ரிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான். அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இடம் கிடைத்ததும் மூலையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். எதிரே ஸரீனாவும் றிகாஸும் அவன் பெண்சாதி நுஸ்லாவும். ஜிப்ரியின் கடையில் கத்தி, முள்ளுக்கரண்டி கிடையாது. கம்பியைக் கையில் பிடித்துப் பல்லால் இழுத்துத் தின்ன வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். கேட்டால் “உங்களுக்கெல்லாம் பல்லு என்னத்துக்குத் தந்தீக்கி?” என்று ஜிப்ரி சத்தம் போடுவான். நல்ல கடை பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தான் என் மருமகன் றிகாஸ்.

பதுர்தீன் துண்டுகளைக் கையால் உருவி, ரொட்டிக்குள்ளே ஒளித்து, என் தட்டுக்குத் தள்ளினான். நான் தின்றேன். எனக்குக் கொலஸ்ட்ரோலுக்கு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு பேருடைய இறைச்சியைத் தின்றேன். அவன் சும்மா தாடையை அசைத்துக்கொண்டிருந்தான். “நானா, கொஞ்சம் பாத்துத் தின்னுங்க, நாளைக்கு நெஞ்சு வலின்னு வராதீங்க” என்று ஸரீனா அண்ணனான என்னைத்தான் ஏசினாள். சிரித்தேன். அடுத்த துண்டையும் வாயில் போட்டேன்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. தூரப் பயணம் போகிறவருக்கு, போவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் தன் கையால் ஒரு வாய் ஊட்டிவிட வேண்டும். பதுர்தீன் ஒரு துண்டை எடுத்துப் பிஸ்மில்லாஹ் சொல்லி மகனுக்கு ஊட்டினான். அவ்வளவுதான், தப்பினோம் என்று நான் மூச்சு விட்டேன்.

றிகாஸ் மென்று முடித்துவிட்டு, கம்பியிலேயே நல்ல பெரிய துண்டாகப் பார்த்து உருவினான்.

“ஒவ்வொரு தடவையும் நீங்கதானே ஊட்டுறீங்க. இந்தத் தடவ நான் ஊட்டுறேன் வாப்பா. ஆ சொல்லுங்க.”

நுஸ்லா போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆயத்தமானாள். நான் ஏதாவது செய்திருக்கலாம். தண்ணீர்க் கோப்பையைத் தட்டி விட்டிருக்கலாம், எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று விழுந்திருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை, மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பதுர்தீன் வாயைத் திறந்தான். ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. இறைச்சி உதட்டில் முட்டி நின்றது.

“பெருசா தொறங்க வாப்பா” என்று றிகாஸ் சிரித்தான்.

பதுர்தீன் கழுத்து நரம்பு புடைக்கத் திறந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. சிரிப்பு றிகாஸின் முகத்திலிருந்து மெல்ல மெல்லப் போனது. இறைச்சியைத் தட்டில் வைத்தான். வாப்பாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

“மாமா, என்ன இது? எத்தனை நாளா?”

சொல்லிவிட்டேன். ஒரு விரலையும், வெள்ளையாக இருந்ததையும், தவறவிட்ட செவ்வாய்க்கிழமையையும், எல்லாவற்றையும். ஸரீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். றிகாஸ் கையைத் துடைத்துவிட்டு எழுந்தான்.

“நான் நாளைக்குப் போகல்ல. டிக்கட்ட கென்சல் பண்ணுறேன்.”

அப்போது பதுர்தீன் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தட்டில் கிடந்த அந்தத் துண்டை எடுத்தான். நாராக நாராகக் கிழித்தான். மிளகாய்த்தூள் சிவக்கப் பூசிய இறைச்சி அது, ஐந்து மாதமாக மிளகு ரசம்கூடப் படாத வாய் அது. ஒரு நாரை விரலால் பல்லுக்குள்ளே தள்ளி, மென்று, விழுங்கினான். முகம் கோணிப்போனது.

“பாத்தியா மகன்? திங்கிறேன்தானே. எனக்கு ஒண்ணுமில்ல. நீ போ.”

அடுத்த நாரைத் தள்ளினான். கண்ணும் மூக்கும் ஒழுகியது. “வேணாங்க, வேணாம்” என்று ஸரீனா கையைப் பிடித்தாள். உதறிவிட்டான். “போதும்டா” என்று நானும் கெஞ்சினேன். தலையை ஆட்டிக்கொண்டு இன்னொன்றைத் தள்ளினான். உதட்டோரத்தில் எச்சிலோடு இரத்தம் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்த கம்பிக்குக் கை நீட்டினான்.

“திங்கிறேன், பாரு... நல்லாத்தான் திங்கிறேன்...”

றிகாஸ் அந்தக் கம்பியைப் பறித்தான். வாப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பெரிய ஆண்பிள்ளை, கடை நிறைந்த சனத்துக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

“நிப்பாட்டுங்க வாப்பா. போறேன். அல்லாஹ் மேல ஆணையா நாளைக்குப் போறேன். நீங்க தின்ன வேணாம்.”

அதற்குப் பிறகுதான் பதுர்தீன் வாயிலிருந்ததைத் துப்பினான்.