பக்கத்து சீட் இல்லாத வண்டி

கணவர் மொஹ்சின் இறந்த மறு வருடம் ரஹமத்துன்னிசா வண்டி பார்க்கக் கிளம்பினார். வேங்கிக்காலில், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அவர். ஜவ்வாது மலையின் ஓடைகளையும் மண்பாதைகளையும் வருடக்கணக்காகத் தாளில் வரைந்திருந்தும் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. மொஹ்சினை டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப்போகத்தான் காரே ஓட்டப் பழகினார். இப்போது ஓட்டத் தெரியும். கூட்டிப்போக ஆள் இல்லை.

அந்த மலைக் காட்டில் போய்த் தனியாகத் தங்குவதா என்று மகள் சதஃப் துபாயிலிருந்து போனில் கோபித்தாள். தன்னோடு வந்துவிடச் சொன்னாள். ரஹமத்துன்னிசா பேத்தியின் காய்ச்சலைப் பற்றி விசாரித்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஷோரூமில் அருண்பிரசாத் என்ற விற்பனையாளர் ஆளுயர ஜீப் ஒன்றைக் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் இழுவை, கூரைமேல் விரியும் கூடாரம். எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டார். "நான் மட்டும்தான்" என்றார் ரஹமத்துன்னிசா. கூடாரத்துக்கு ஏறும் ஏணியில் பாதியிலேயே அவர் முழங்கால் மறுத்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றைப் பாதையில் டிராக்டர் எதிரே வந்து நின்றது. அத்தனை பெரிய வண்டியை அவரால் ரிவர்ஸ் எடுக்க முடியவில்லை. அருண்பிரசாத்தான் எடுத்துக் கொடுத்தார். மலையில் யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

கடைசியில் வாங்கியது பழைய, குட்டை ஜீப். அதற்கும் நாலு சக்கர இழுவை உண்டு. கல்லில் இடிக்காத உயரம். கெட்டுப்போனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். உள்ளே கால் நீட்டிப் படுக்கத்தான் நீளம் போதாது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டை எடுத்துவிட்டுப் பலகை போட்டால் சரியாகிவிடும்.

மெக்கானிக் வேடியப்பன் ஸ்பேனரோடு தயங்கினார். "இத கழட்டிட்டா பக்கத்துல யாரும் ஒக்கார முடியாதேம்மா."

பழைய காரில் அந்த இடத்தில்தான் மொஹ்சின் சாய்ந்து, கண் மூடியபடி வீடு திரும்புவார். ரஹமத்துன்னிசா சீட்டின்மேல் ஒருமுறை கை வைத்துப் பார்த்தார்.

"யாரும் வரப்போறதில்லப்பா. கழட்டுங்க."

தை மாதம் ஜமுனாமரத்தூரைத் தாண்டி, ஓடையை ஒட்டி அறுத்துவிட்ட சாமைக் கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்தினார். கொல்லைக்காரி மணியம்மாள், துணைக்கு யாரும் வரவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். ஏதாவது வேண்டுமென்றால் குரல் கொடுக்கச் சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள். போனில் சிக்னல் இல்லை. காலையிலிருந்து பேசியது அந்த ஒருத்தியிடம் மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

தொழுதுவிட்டு, வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்தார். அழுகை வந்தது. வீட்டில் கட்டிலும் நாற்காலியும் மருந்து டப்பாவும் அவர் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தக் கல்லுக்கும் ஓடைக்கும் மொஹ்சினைத் தெரியாது. இங்கே அழுதால் அழுது முடிக்க முடிந்தது.

மறுநாள் திரும்புவதாகத்தான் இருந்தார். விடிந்ததும் டீ போட்டுக் குடித்துவிட்டு, வண்டியை இன்னும் மேலே போகிற பாதையில் திருப்பினார்.