சேவலுக்குக் கொடுத்த எம்சி

பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு காலையில் பிளாஸ்டிக் வாளியோடு என் வீட்டு கேட்டருகே வந்து நின்றார். வாளிக்குள் ஒரு சிவப்புச் சேவல் ஒருக்களித்துக் கிடந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் அவர் பேச்சைத் தொடங்கியது அன்றுதான்.

“டிரஸ்ஸர் ஐயா, இதுக்குக் கால் போச்சு. நீங்களே பாருங்க.”

மெர்லிமாவில் எங்கள் தாமான் குடியிருப்பில் என்னை இன்னும் டிரஸ்ஸர் என்று கூப்பிடுபவர் அவர் ஒருவர்தான். தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுத்து, கட்டுப் போட்டு, ஊசி குத்துகிறவருக்கு அதுதான் பெயர். நான் கடைசியாக வேலை பார்த்த தோட்டத்தில் அவர் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறி, மருத்துவமனை உரக் கிடங்காகி, நானும் ஓய்வு பெற்றாயிற்று. பட்டம் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

“என்னம்மா ஆச்சு?”

“கொய்யா மரத்துல கட்டிப் போட்டிருந்தேன். நாய் வந்துச்சு. இது பறக்கப் பாத்துச்சு. கயிறு விடல.”

ராஃபியா கயிறு. கணைக்காலில் இறுகிச் சதையைக் கிழித்திருந்தது. அதற்குக் கீழே எலும்பு முறிந்து பாதம் தொங்கியது. கோழியைக் காலில் கட்டிப் போடாதீர்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். அதனால் சொல்லவில்லை.

“கறி வைக்க வேண்டியதுதானே?”

“ஐயோ, வாயைக் கழுவுங்க! முனியாண்டிக்கு நேந்தது லா இது.”

அப்போதுதான் மற்றக் காலில் கட்டியிருந்த மஞ்சள் துணியைக் கவனித்தேன். ஜொகூரில் இருக்கும் அவருடைய மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகப் பிள்ளை இல்லை. வயிற்றில் தங்கினால் சேவல் தருவதாக அம்மாள் பழைய தோட்டத்து முனியாண்டியிடம் வேண்டியிருந்தார். தங்கிவிட்டது. படையலை முடித்துவிட்டுப் பிரசவம் பார்க்க ஜொகூருக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் ஊனமான சேவலைச் சாமி ஏற்காது. வேறொன்று வாங்கலாமே என்றேன். இதைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறேன், ஆளை மாற்ற முடியாது என்றார்.

நான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவன். முனியாண்டியின் விதிமுறைகள் என் அதிகாரத்துக்குள் வருவதில்லை. எலும்பு வரும்.

முறைப்படி முதலில் கால்நடை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு கோழிதானா பாக்சிக் என்று மலாயில் கேட்ட இளைஞர், அறுத்துவிடுவதே நல்லது என்றார். பாக்சிக் என்றால் மாமா; குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. என் வயதுக்காரர் தம் முழங்காலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்தபடி போனை வைத்தேன்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி ஐயோடின் வைத்தேன். எலும்பை நேராக்கி, பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டினேன். விரல்கள் சூடாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன். இறுக்கிக் கட்டிவிட்டு விரலைப் பார்க்காமல் போவது அரைகுறை ஆட்களின் வேலை. சலவை இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி வார்டானது. நெஞ்சில் புண் வராமலிருக்கத் துண்டை மடித்து அடியில் வைத்தேன். சோறும் அவித்த முட்டையும் ஊட்டினேன். முட்டை யாருடையது என்று நோயாளி விசாரிக்கவில்லை.

காயத்தைத் தினமும் கழுவ வேண்டியிருந்தது. முதலில் கொத்தியது. பிறகு நான் கிண்ணத்தை எடுத்தாலே அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டது.

மனைவி காலமான பிறகு இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பதற்குக் காரணம் எதுவும் இருந்ததில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான், இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பான், சொல்வேன். இப்போது சேவலோடு பேச வேண்டியிருந்தது. “கொஞ்சம் பொறு, முடிந்துவிட்டது” என்பது போன்ற பேச்சுதான். அதோடு, சாயங்காலமானால் அம்மாள் வந்துவிடுவார். பெட்டியருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தேநீர் குடிப்பார். சேவலைப் பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் போதும். மிச்ச நேரத்துக்குத் தோட்டத்துக் கதை.

“ஒரு எம்சி குடுத்திருப்பீங்களா எங்களுக்கு? காய்ச்சல்னு வந்தா நாக்கை நீட்டச் சொல்லி, வேலைக்குப் போங்கறது.”

தோட்டத்தில் மருத்துவ விடுப்பை எம்சி என்போம். நான் கையெழுத்துப் போடத் தயங்குகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

“காய்ச்சல் இருந்தால் கொடுத்தேனே.”

“இருந்துச்சுங்க ஐயா. உங்களைப் பாத்ததும் பயந்து எறங்கிரும்.”

இருவரும் சிரித்தோம். சேவல் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது.

பறவைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடும். புத்தகங்கள் சொல்வதை விடவும் சீக்கிரமாக இது கூடியது. குச்சியை எடுத்துவிட்டுப் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் விட்டேன். தயங்கி ஓரடி வைத்தது. அப்புறம் நேராக நடந்து போய்த் துவைக்கும் கல்லின் மேல் ஏறிக்கொண்டது. என் வாழ்நாளில் போட்ட கட்டுகளில் இவ்வளவு சுத்தமாகக் கூடியவை குறைவு. அதைப் பெட்டிக்குள் தூக்கி வைத்து, குச்சியை மறுபடியும் கட்டினேன்.

சாயங்காலம் அம்மாள் கேட்டார்: “எப்படி இருக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை படையல் வச்சுக்கலாமா?”

“இன்னும் எலும்பு பிடிக்கவில்லை. ஒரு வாரம் போகட்டும்.”

“அப்ப இதுக்கு எம்சியா?”

“ஆமாம், எம்சிதான்.”

அந்த வாரம் முடிந்ததும் இன்னொரு வாரம் கொடுத்தேன். ரப்பர் மரம் சீவுகிறவர்களுக்குக் கிடைக்காத சலுகை. அம்மாள் சந்தேகப்படவில்லை. டிரஸ்ஸர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜொகூருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அதற்கு மேல் நீட்டிக்க எனக்கே முகமில்லாமல் போயிற்று. கட்டைப் பிரித்துக் காட்டினேன்.

படையலன்று அம்மாளின் மருமகன் ஜொகூரிலிருந்து காரோடு வந்தார். சேவல் மற்றவர்கள் கைக்குப் போனால் அடித்துக்கொண்டது. “நீங்களும் வாங்களேன் ஐயா, உங்ககிட்டதான் சும்மா இருக்கு” என்றார் அம்மாள். அப்படித்தான் நான் பின்சீட்டில் சேவலை மடியில் வைத்துக்கொண்டு முனியாண்டி கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செம்பனைக்கு நடுவே தகரக் கூரை, கீழே வேல், சுருட்டு, எலுமிச்சை. வார நாட்களில் லாரி ஓட்டுபவர்தான் பூசாரி. அங்கேயும் ஒரு நடைமுறை இருந்தது. சேவல் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். உதறாமல் அறுக்கக் கூடாது.

நான் குந்தி உட்கார்ந்து, சேவலைத் தரையில் நிற்க வைத்துக் கால்களைப் பிடித்துக்கொண்டேன். பூசாரி தெளித்தார். அது அசையவில்லை.

“ம், உதறுடா ராசா.”

செம்பில் இருந்ததைக் கழுத்தில் ஊற்றினார். இறகெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. அது என் முகத்தைப் பார்த்தபடி நின்றது. தண்ணீர் பட்டால் ஆடாமல் நிற்க வேண்டும் என்று அதற்குப் பழக்கியது நான்.

எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்றே எழுத வேண்டும். சாமியே வேண்டாம் என்றால் யார் என்ன செய்ய முடியும்?

பூசாரி நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தார். “என்னம்மா இது? ஏதும் குறை வச்சீங்களா?”

அம்மாளின் முகம் வெளிறியது. “நாள் தள்ளிப் போச்சு சாமி. வாரா வாரம் தள்ளிட்டே வந்துட்டேன். அதான் கோவமா? என்னை என்ன வேணா செய், பிள்ளை வயித்துல இருக்கிறதை ஒண்ணும் பண்ணிராத...” மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மருமகன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

எம்சி கொடுத்தது நான்தான் என்று முனியாண்டியிடம் சொல்லலாம். அம்மாளிடமும் சொல்லலாம். சொல்லியிருந்தாலும் அவருடைய பயம் போயிருக்காது. பிரசவம் வரைக்கும் அவரோடு ஜொகூரில் இருந்திருக்கும்.

பூசாரி இன்னொரு செம்பு மொண்டார். எலும்பு கூடிய இடத்தில் ஒரு சிறிய புடைப்பு இருந்தது. என் கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது. தண்ணீர் விழும்போது அழுத்தினேன்.

சேவல் தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது. எல்லார் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. அம்மாள் அழுதுகொண்டே குலவையிட்டார். பூசாரி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். நான் கார் இருக்குமிடத்துக்கு நடந்தேன்.

அதே வாரம் அம்மாள் ஜொகூருக்குப் போனார். பேரன் பிறந்தான். நல்லபடியாக. படம் வாட்ஸ்அப்பில் வந்தது. சில நாட்களுக்குப் பிறகு அம்மாளே கூப்பிட்டார். மகள் வேலைக்குப் போக வேண்டுமாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இனி அங்கேதானாம்.

“வீட்டைச் சும்மா போட்டு வைக்க வேணாம் ஐயா. வாடகைக்கு நல்ல ஆளா நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தானே பக்கத்து வீடு? நாய் வளக்கிறவங்க வேணாம் லா.”

பார்க்கிறேன் என்றேன். இதற்குள் இரண்டு முறை போன் செய்து கேட்டுவிட்டார். இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நான் யாரையும் விசாரிக்கவில்லை.