தடிப்பில்லாத அரிப்பு

என் கையெழுத்து கோணல். எந்த இடத்தில் 'ர', எந்த இடத்தில் 'ற' என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன கிழமை என் தங்கை ஹட்டனில் கிளினிக்குக்குப் போய்வந்தாள். கலியாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் அவளுக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது. உள்ளங்கை அரிக்கிறது என்று அவள் சொன்னதும், அம்மாவுக்கும் இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டாராம். அம்மா இப்போது இல்லை, அதனால் என்னிடம் வந்து கேட்டாள். இதையெல்லாம் தங்கையிடம் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். இருந்தது, உன்னைச் சுமந்தபோது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பிரா. அந்த ஓர் அறைக்குள் அப்பா, அம்மா, நான், ஜிம்மி. ஜிம்மி எங்கள் நாய். வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

அம்மாவின் வயிறு கூடை கட்டவே கஷ்டப்படும் அளவுக்குப் பெரிதான சமயத்தில் அரிப்பு தொடங்கியது. முதலில் உள்ளங்கை, பிறகு உள்ளங்கால். கொழுந்து பறிக்கும்போது எப்படியோ பொறுத்துக்கொள்வாள். படுத்தால் தாங்காது. காலைச் சீமெந்துத் தரையில் தேய்ப்பாள். சட்டி கழுவுகிற தேங்காய்த்தும்பை எடுத்து உள்ளங்கையைச் சுரண்டுவாள்.

பக்கத்துக் காம்பிராப் பெரியம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"உள்ளங்கை அரிச்சா பணம் வரும் தங்கச்சி."

"காலும் அரிக்குதேக்கா."

"அப்ப பயணம். பணத்தையும் எடுத்துக்கிட்டு எங்கள விட்டு ஓடப்போறே."

அப்பாவுக்கு வேடிக்கையும் இல்லை, சந்தேகமும் இல்லை. ஜிம்மியின் மேலிருக்கும் தெள்ளுதான் கடிக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். அப்பா ஒன்றை முடிவு செய்தால் அதற்குப் பிறகு விசாரிக்க மாட்டார். விசாரித்தால் முடிவு கெட்டுப்போகும் என்று பயந்தாரோ என்னவோ.

எனக்கு அந்தத் தெள்ளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஜிம்மியைப் பிடித்து வைத்து, அவன் வயிற்று மயிருக்குள் என் காலை நுழைத்து வெகுநேரம் காத்திருந்தேன். இரண்டு இடத்தில் சுருக்கென்றது. சிவப்பாகத் தடித்துக்கொண்டது. உடனே ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறி ரேகையெல்லாம் கறுத்திருந்தது. நகம் கீறிய கோடுகள் இருந்தன. தடிப்பு மட்டும் எங்கேயும் இல்லை. உள்ளங்காலிலும் இல்லை. அம்மாவின் பாயில் படுத்தும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கடிக்கவில்லை.

எனக்குத் தடித்திருக்கிறதே, அம்மாவுக்கு ஏன் தடிக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். நானாகப் பேசுவது அபூர்வம் என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஒங்கம்மா தோலு மலையில காஞ்ச தோலு. ஒன்னோடது சோம்பேறித் தோலு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜிம்மியைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஆற்றுக்கு அந்தப்பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தார். நான் அழுதேன். அரிப்பு நிற்கவில்லை. தெள்ளு முட்டை போட்டிருக்கும் என்று பாயையும் சாக்கையும் கொதிதண்ணீரில் அவித்தார். கைகால் மட்டும் அரித்தது போய், அம்மாவுக்கு வயிறும் முதுகும் அரிக்கத் தொடங்கின.

மழைநாள் ஒன்றில், குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அம்மா கூட்டிப்போனாள். அன்று கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைப்பை எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். அவர் வயிற்றைப் பார்த்து முடிக்கும்வரை அம்மா அரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. எழும்பும்போதுதான், நாய்த் தெள்ளுக்குப் பூச ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டாள்.

மிஸ்ஸி அம்மாவின் கையைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எங்க தடிச்சிருக்கு?"

"தடிக்கல மிஸ்ஸி. சும்மா அரிக்குது."

நான் கேட்ட கேள்வியை இவரும் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோசம். கதவோரத்திலிருந்து உள்ளே நகர்ந்து நின்றேன். மிஸ்ஸி அம்மாவின் கண் இமையை விரித்துப் பார்த்தார். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டார். பால் ஊற்றாத தேத்தண்ணி மாதிரி என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு மிஸ்ஸியின் குரல் இறங்கிவிட்டது.

"முந்தின புள்ளைக்கும் இப்பிடி அரிச்சிச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அதுக்கும் அரிச்சிச்சு."

எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். அழாமல் பிறந்தான். மாதம் நெருங்கியிருந்த நேரத்தில் அம்மா மயானத்துக்கு மேலே இருக்கும் மலையில் கொழுந்து எடுத்தாள், அங்கேதான் ஏதோ அடித்துவிட்டது என்று லயம் முழுவதும் பேசியது. அப்பாவும் அப்படியே முடிவு செய்துவிட்டார். அம்மாவும் அதை நம்பினாள். கை அரித்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கை அரிப்பதற்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தெரியும்?

மிஸ்ஸி எழுந்துபோய்த் தோட்டத்து லொறியைக் கேட்டு ஆளனுப்பினார். நாளைக்குப் போகிறேன், சோறு ஆக்க வேண்டும் என்றாள் அம்மா.

"சோத்த அவரு ஆக்குவாரு. இது தோல்ல உள்ள வருத்தமில்ல, ஈரல்ல உள்ளதா இருக்கும். ஒங்களுக்கு வெறும் அரிப்பு, புள்ளைக்குத்தான் ஆபத்து. அது திடீர்னு வரும், சொல்லிட்டு வராது. ஏறுங்க."

செய்தி கேட்டு மலையிலிருந்து ஓடிவந்த அப்பா, கை அரிப்பதற்கு லொறியா என்று கேட்டார். ஆனாலும் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, அம்மாவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தினமும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார்களாம். மாதம் முழுதாக முடியும்வரை காத்திருக்காமல், முன்னதாகவே மருந்து ஏற்றிப் பிரசவம் பார்த்தார்கள்.

அப்பா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினார். தங்கை சுருங்கிப்போன சிவப்புப் பொட்டலம் மாதிரி கிடந்து, வார்டுக்கே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தாள். அரிப்பு நின்றுவிட்டது என்றாள் அம்மா. நாயை விட்ட பலன் இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்றார் அப்பா. அம்மா டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஈரலிலிருந்து இறங்க வேண்டிய பித்தம் இறங்காமல் இரத்தத்தில் சேர்ந்ததால்தான் அரித்ததாம். பிள்ளை பிறந்ததும் நின்றுவிடுமாம். அடுத்த பிள்ளைக்கும் வரலாமாம். பிள்ளை உள்ளேயே உயிரடங்கிப் போகவும் கூடுமாம்.

பிறகு குரல் மாறியது.

"ஏங்க, அவனுக்கும் இதாத்தான் இருக்கும்னாங்க. நான் அந்த மலைக்குப் போனதால இல்லையாம்."

அம்மா முகத்தை மூடாமலே அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரிப்பு திரும்பிவிட்டது, அப்பாவுக்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். கட்டில் பக்கம் போய் அவள் உள்ளங்கையை எடுத்து, என் நகத்தால் மெல்ல மெல்லச் சொறிந்துவிட்டேன். போதும் என்று அவள் சொல்லவே இல்லை.

கார்த்திகை 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை