பதிவேட்டில் ஏறாத எக்ஸ்ரே

மெஷினைக் கழற்றிப் பெட்டியில் கட்டுவதற்கு மதராஸிலிருந்து ஆள் வந்துவிட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தேனிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். கம்பம், போடி, தேவதானப்பட்டி என்று எங்கிருந்து எலும்பு முறிந்து வந்தாலும் எங்களிடம் இருந்த அந்த ஒரு மெஷின்தான். அது போனால் மதுரைக்குப் போகவேண்டும். முறிந்த காலோடு மாட்டுவண்டியில் ஏறி மதுரைக்குப் போய்ப் பாருங்கள், தெரியும்.

வந்தவர் மிஷன் தலைமை ஆபீஸின் இன்ஸ்பெக்டர். கையில் நீளமாக அச்சடித்த தாள். எந்தத் தேசத்தில் எத்தனை எக்ஸ்ரே மெஷின், ஒரு மெஷினில் மாதம் எத்தனை படம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. கடைசி வரியில் நாங்கள்.

"சீமையில ஒரே நாள்ல எடுக்கிற படத்தை நீங்க ஒரு மாசமா எடுக்கிறீங்க. மெஷின் இங்க சும்மா தூங்குது. பெரிய ஊருக்குப் போனாலாவது பிரயோஜனப்படும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தூங்குகிறதாம்!

தப்பு என்மேலும் இருந்தது, மறைக்கவில்லை. யுத்தத்தால் பிலிம் வரத்து நின்றுபோயிருந்தது. இருந்த பிலிமை நாலாக வெட்டிப் பயன்படுத்தினோம். பாதிக்கு மேற்பட்டவர்களை ஸ்கிரீனிங்கில்தான் பார்த்தோம். இருட்டறையில், பச்சையாக ஒளிரும் திரையில் எலும்பைப் பார்த்து, எங்கள் டாக்டரம்மா தோலின் மேலேயே மையால் குறி போடுவார். பிலிமே வேண்டாம். ரிஜிஸ்டரில் பிலிமுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. நானும் பிலிமை மட்டுமே எழுதி வந்தேன். எவ்வளவு சிக்கனம் என்று பெருமை வேறு.

டாக்டரம்மா இங்கிலீஷில் பணிவாக விளக்கினார். இன்ஸ்பெக்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பேச்சியம்மாவைக் கூட்டிவந்தார்கள். போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சாக்குத் தைக்கிறவள். கோணி ஊசி முறிந்து, நுனி உள்ளங்கைக்குள் போய்விட்டது. கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

"ஆத்தா, கைய எடுத்துருவாகளா? இந்தக் கை இல்லாட்டி எம்புள்ளைக என்னத்தத் திங்கும்?" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நேரே இன்ஸ்பெக்டரிடம் போனேன். "சார், மெஷினைக் கட்டுங்க, வேணாங்கல. இந்தப் பொம்பள கையப் பாத்துட்டுக் கட்டுங்க. நீங்களும் உள்ள வாங்க."

எல்லோரும் உள்ளே போனதும் கதவை அடைத்தேன். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும். ஐந்தாவது நிமிஷமே அவருக்குப் பொறுக்கவில்லை.

"எவ்வளவு நேரம்மா? கதவைத் திறங்க."

"தொறந்தா மொதல்லருந்து இருபது நிமிசம் சார். சீமையிலயும் கண்ணு இதே கண்ணுதான்."

டாக்டரம்மா இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

சுவிட்சைப் போட்டேன். திரையில் ஐந்து விரலும் எலும்பாகத் தெரிந்தன. கட்டைவிரலுக்குக் கீழே கறுப்பாக ஊசி நுனி. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு பக்கமும் மையால் புள்ளி வைத்தார் டாக்டரம்மா. அரை மணி நேரத்தில் நுனி டிரேயில் கிடந்தது. பேச்சியம்மாவின் கை தப்பியது.

இன்ஸ்பெக்டர் டிரேயையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை எந்தக் கட்டத்துல எழுதுறது?"

"கட்டமே இல்ல சார். போட்டாத்தான் உண்டு." தாளை வாங்கி ஓரத்தில் புதுக் கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தேன்.

"அச்சடிச்ச தாள்ல கிறுக்காதீங்க!"

"மனுசி கையில கிறுக்குறோம். தாள்ல கிறுக்கக் கூடாதாக்கும்?"

முகம் கடுகடுக்க வண்டி ஏறினார். ஆனால் மெஷினைத் தொடவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்தத் தேசத்துக் கணக்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் உடனே தலை குனியாதீர்கள். எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்று கேளுங்கள். செய்த வேலையை அன்றன்றே எழுதுங்கள். நான் எழுதாததால் ஒரு பள்ளத்தாக்கே மெஷினை இழக்கப் பார்த்தது.

அடுத்த வாரம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலதிகாரியை அவமதித்தேனாம், பதில் எழுதவேண்டுமாம்.

"மரியம், மன்னிச்சுக்கிடுங்கன்னு ஒரு வரி எழுதிப் போட்டுரு. வேலை முக்கியம்" என்றார் டாக்டரம்மா.

உட்கார்ந்து எழுதினேன். கடிதம் வந்த அன்று மட்டும் பிலிம் இல்லாமல் பார்த்த பதினொரு பேரின் பெயர், ஊர், முறிந்த எலும்பு. கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை.